பஸ்ஸைப் பார்த்தால் சைக்கிள் இல்லை

மூளைக்காய்ச்சல் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும் நோய்) தீர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அதே வாரம், காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே தெருவைக் கடக்க நின்றேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். தெரு காலியாக இருந்த இடத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்து என் இடுப்பில் மோதியது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்றார் சைக்கிள்காரர்.

அவரைப் பார்த்தேன். இப்போது பஸ் இல்லை. மறைந்தது என்று சொல்லவில்லை. இல்லவே இல்லை.

இதே கோளாறு உள்ளவர் யாராவது படித்தால், முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்களை யாரும் நம்பப்போவதில்லை. கால் போனவனுக்கு ஊர் எழுந்து இடம் கொடுக்கும். உங்களுக்குப் புத்திமதி கொடுக்கும்.

எனக்கு அப்போதுதான் பி.யூ.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) முடிந்திருந்தது. அதைவிட முக்கியம், எங்கள் தெருச் சடுகுடு அணியில் பாடிப் போகிறவன் நான். மூச்சு விடாமல் எதிராளி கட்டத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரே ஏழு பேர் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஏழு பேரையும் ஒரே சமயத்தில் பார்ப்பேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். பொங்கலுக்குப் பக்கத்துக் கிராமமான தாமலில் ஏரிக்கரையோரம் நடக்கும் ஆட்டத்தில் மறுபடி இறங்குவேனா என்பது ஒன்றுதான் என் கவலை. உயிர் பிழைத்ததைப் பற்றி மற்றவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

ஊர்க் கண் டாக்டர் அட்டையின் கடைசி வரிவரை படிக்கவைத்தார். "கண்ணாடியே வேண்டாம்" என்று வாழ்த்தினார். அசையாத எழுத்தைக் காட்டி, அசைகிற உலகத்தைப் பற்றித் தீர்ப்பு. அதற்கு ஒரு பட்டம் வேறு.

வீட்டுப் பரிசோதனை இன்னும் உசத்தி. நெசவாளர் வீட்டில் கண்ணுக்கு அட்டை கிடையாது. தறியில் அறுந்த பட்டிழையை ஒட்டவைக்கச் சொல்வார்கள். அது முடிந்தால் கண் உண்டு, முடியாவிட்டால் இல்லை. நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இடத்தைக் காட்டினார். எடுத்தேன், முறுக்கினேன், இழை சேர்ந்தது.

"நூலு தெரியுது. இவனுக்கு இன்னா கண்ணுல கோளாறு?" என்றார் நைனா.

"அவன் பொய் சொல்ற புள்ளையா?" என்றாள் அம்மா.

"பொய்யின்னு சொல்லல. ஆஸ்பத்திரியில படுத்துக்கினே இருந்து பழகிப்பூட்டான். ஒடம்பு வணங்கல."

கண் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று எனக்கு உடனே ஒரு வேலை கொடுத்தார்கள். பாவுக்குக் காவல். புடவையின் நீள இழைகளைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்குவார்கள். அது முடிகிறவரை ஆடு, நாய், பிள்ளைகள், சைக்கிள் எதுவும் அதில் புகாமல் ஒருவன் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, என்னால் முடியாததைக் குறிபார்த்து எடுத்துத் தந்தது என் குடும்பம்.

ஓர் ஆடு வந்தது. பார்த்தேன், விரட்டினேன். அது திரும்பிப் போகிறவரை அந்தத் தெருவில் வேறு உயிர் கிடையாது. அப்படிக் கிடையாத ஒரு பால்காரர் சைக்கிளோடு பாவுக்குள் புகுந்தார். கேன் உருண்டது. பட்டு முழுக்கப் பால்.

நைனா ஓடிவந்தார். அடிப்பார் என்று நின்றேன்.

"உன் மூக்குக்கு நேராத்தானேடா வந்தான்?"

"எனக்கு வரல நைனா. ஆடுதான் இருந்துச்சு."

அடிக்காமல், உருண்ட கேனை எடுத்து நிமிர்த்தி வைத்தார். மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறினோம். காய்ச்சலும் நானும் சேர்ந்து சொல்லியும் நம்பாத மனிதர், பாவு கெட்டதும் நம்பினார்.

சென்னையில் நரம்பு டாக்டர் ஓர் அம்மாள். பேனாவைக் காட்டினார். பேனா என்றேன். சாவியைக் காட்டினார். சாவி என்றேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்தார்.

"பேனா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

சாவியை ஆட்டினார். "ஆங், சாவி. பேனாவை எப்ப உள்ள வெச்சீங்க?" என்றேன்.

"ரெண்டும் அவங்க கையிலதான்டா இருக்குது," என்றார் நைனா.

டாக்டர் விளக்கினார். கண் படம் பிடிக்கிறது. பல பொருட்களுக்குக் கவனத்தைப் பங்கிட்டுத் தருவது மூளையின் பின்மேல் பகுதி. அங்கே காய்ச்சல் தழும்பு (புண் ஆறிய வடு) விட்டிருக்கிறது. யாருடைய மூளையாலும் ஒரே சமயத்தில் மூன்று நான்கு பொருளுக்கு மேல் பங்கிட முடியாதாம். சடுகுடுவில் ஏழு பேரையும் பார்த்ததைச் சொன்னேன். "ஏழு பேரையும் பாத்ததா நெனச்சிட்டிருந்தீங்க. அவ்வளவுதான்." காய்ச்சலின்போது ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"மருந்து?" என்றேன்.

"காலம்," என்றார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதித் தரவில்லை.

நாளாக நாளாக, இரண்டு பொருளைச் சேர்த்துப் பார்ப்பது மெல்லத் திரும்பி வந்தது. ஒரே பக்கம் போனால் இரண்டும் இருக்கும். எதிரும் புதிருமாகப் போனால் ஒன்று செத்துவிடும். இந்த முன்னேற்றத்தை நம்பி மைதானத்துக்குப் போனேன். நீங்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள்.

கைகோர்த்து நின்ற இரண்டு பேர் எனக்கு ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். அது வசதிதான். கை பிரிந்தது, ஒருவன் உலகத்தைவிட்டே போனான், பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டினான். மறுபடி போனேன். மறுபடி மண்.

அணித் தலைவன் பலராமன் என்னைத் தூக்கி நிறுத்தினான். "பாட்டு வேணாம்பா உனக்கு. மூலையில நின்னு புடி. பாடி வர்றவன் ஒருத்தன்தான? அவன மட்டும் பாரு."

"புடிக்கிறதுக்கு ஒரு மாடு போதும்," என்றேன்.

"மாடு ஒண்ணு கொறையுது. அதான் கேக்கறேன்."

சிரிப்பு வரவில்லை. பிடிக்கிறவர்களை நான் ஆட்டக்காரர்களாகவே மதித்ததில்லை. ஆனாலும் பொங்கலன்று தாமல் மைதானத்தில் மூலையில் போய் நின்றேன். வீட்டில் உட்கார்ந்து 'பாவம்' என்று கேட்பதைவிட மாடாக இருப்பது மேல்.

எதிரணிக்காரன் பாடி வந்தான். அவனைப் பார்த்ததும் கூட்டம் போனது, ஏரிக்கரை போனது, என் அணியும் போனது. அவன் ஒருவன் மட்டும். இதை வரம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவரை மதிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கும் நான் கோத்துப் பிடித்திருந்த கைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று தெரியாது.

நான் பாடிய காலத்தில் ஒரு மூச்சு என்பது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அன்று அவன் மூச்சு தீரத் தீர விலா ஒடுங்குவதைப் பார்த்தேன். உடம்பின் பாரம் இடது காலுக்கு மாறுவதைப் பார்த்தேன். குதிகால் மண்ணைவிட்டு எழுந்தது. அதைப் பிடிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.