மயில் வைத்த கம்ப்யூட்டர்

போன மாதம் தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம், நானும் என் மகளும். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சாத்துக்குடி ஜூஸ் வந்தது. கண்ணாடி டம்ளரைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பேப்பரின் ஓரம் மெல்ல நனைந்தது. முதலில் நகக்கண் அளவு. பிறகு விரல் அளவு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, குடி. ஐஸ் கரையுது" என்றாள் மகள்.

நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். டிஷ்யூ பேப்பர் நனைவதைப் பார்த்துப் பயப்படுகிற பெண் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பாதி தூரம் வரைக்கும் சிரிக்கலாம், நானே அனுமதிக்கிறேன்.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக எங்கள் வீடு. அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். மற்ற வீட்டு அண்ணன்கள் பிரியாணி வாங்கி வருவார்கள், ஸ்வீட் வாங்கி வருவார்கள். எங்கள் அண்ணன் கம்ப்யூட்டருக்கு ஃபேன் வாங்கி வருவான், ராம் வாங்கி வருவான்.

"இதுல எதையாச்சும் திங்க முடியுமாடா?" என்பாள் அம்மா.

அந்தப் பெட்டிகளைத் திறக்கும்போது ஒரு வாசனை வரும். புதுச் செருப்பும் புது நோட்டும் சேர்ந்த மாதிரி. நான் மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சுவேன். "கைய வெக்காத, மூக்க மட்டும் வை" என்பான் அண்ணன்.

இப்படித் துண்டு துண்டாக வாங்கி அவன் ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தான். அதிலேயே பெரிய சாமான் கிராஃபிக்ஸ் கார்டு. எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்து வாங்கியது. ஆனால் எங்கள் வீட்டு முன்னறைக்கு சிமெண்ட் ஷீட் கூரை. சித்திரை மாதத்தில் மனுஷனே உள்ளே உட்கார முடியாது. கம்ப்யூட்டர் பத்து நிமிடம் ஓடும், கொதிக்கும், தானாக நின்றுவிடும். அண்ணன் முகம் சுண்டிப்போகும். ஒரு நாள் சொன்னான், "தண்ணி வுட்டு ஆத்தப் போறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னாது? கரண்டுக்குள்ள தண்ணிய வுடறியா? வூட்டோட கொளுத்திக்கவா?"

"லாரிக்கு ரேடியேட்டர் இல்லியாம்மா? அது மாதிரிதான்."

உண்மையில் அது மாதிரிதான். சூடாகிற சில்லுகளின் மேல் ஒரு செம்புக் கட்டி உட்காரும். அதற்குள் தண்ணீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்றில் ஆறிவிட்டுத் திரும்பி வரும். ஒரு சின்ன மோட்டார் இதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்துவிட்டான். ஒரே சிக்கல், ரேடியேட்டர் கம்ப்யூட்டரின் கேபினெட்டுக்குள் போகவில்லை. ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில்தான் மாதேஷண்ணன் வருகிறார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த தகரக் கொட்டகைதான் அவருடைய வெல்டிங் பட்டறை. கேட்டு, ஜன்னல் கிரில், ஆட்டுப்பட்டிக்குத் தட்டி எல்லாம் செய்வார். நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அண்ணனும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எட்டாவதோடு அவர் நின்றுவிட்டார், பெஞ்சுதான் மாறியது, சிநேகிதம் மாறவில்லை. ஓசூரில் அண்ணனுக்கு இருநூறு பேர் கூட வேலை பார்த்தார்கள். ஆனாலும் சிநேகிதன் என்று சொல்ல இவர் ஒருவர்தான்.

அண்ணன் போனில் வீடியோ காட்டினான். மாதேஷண்ணன் கேபினெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார்.

"தகடு ரொம்ப மெல்லிசு மாப்ள. வெல்டிங் ராடு வெச்சா ஓட்டை வுழுந்துடும். மேல அறுத்துட்டு, தனியா ஃப்ரேம் செஞ்சு ஸ்க்ரூல முடுக்கிக்கலாம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. இரண்டு பேரும் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நான் டீ கொண்டு போவேன். பெயிண்ட் தின்னர் நெடியில் டீயே தின்னர் மாதிரி இருக்கும். அரை மில்லிமீட்டருக்கு அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். கேபினெட்டின் மேல்பக்கத்தை அறுத்து உயர்த்தி, ஒரு பக்கம் தகட்டை எடுத்துவிட்டு அக்ரிலிக் போட்டார்கள். உள்ளே எல்லாம் தெரிய வேண்டுமாம்.

மூன்றாவது ஞாயிறு கேபினெட் பெயிண்ட் அடித்து வந்தது. முன்பக்கத்தைப் பார்த்து அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டு கேட்டுகளில் வைப்பார்களே, தோகை மடக்கிய மயில், அதைக் கையகலத்துக்குச் செய்து ஒட்டியிருந்தார் மாதேஷண்ணன். நீலக் கலர் வேறு.

"டேய், இது கம்ப்யூட்டர்டா. கல்யாண மண்டபம் இல்ல."

"இருக்கட்டும் மாப்ள. மொட்டையா இருந்துச்சு, எனக்கு மனசு கேக்கல."

அண்ணன் திட்டினான். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன் அந்த மயிலைப் பத்து போட்டோவாவது எடுத்திருப்பான்.

அன்றைக்கு அவன் கிளம்பும்போது என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தான். இதுவரைக்கும் சிரித்தது போதும்.

குழாயெல்லாம் மாட்டியாகிவிட்டது. பேட்டரிக் கடையில் வாங்கிய சுத்தமான தண்ணீரை ஊற்றியாகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டருக்கு உடனே கரண்ட் கொடுக்கக் கூடாது. மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிக் கட்டினான். மொத்தம் எட்டு.

"பாப்பா, ரெண்டு நாளு ஓடட்டும். எட்டும் காஞ்சே இருந்தா, புதன்கிழமை நீயே பெரிய வயர குத்தி ஆன் பண்ணு. எதுனா ஒண்ணு ஈரமா இருந்துச்சுன்னா தொடாத, எனக்கு போன் பண்ணு. நான் வந்து பாத்துக்கறேன்."

அவன் எட்டு மாத ஓவர்டைமை முதன்முதலில் உயிர்ப்பிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியில் என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரிடம் அளந்துவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் வாங்கடி, தண்ணியில ஓடற கம்ப்யூட்டர் காட்டறேன் என்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தேன். கார்டுக்கு நேர் மேலே இருந்த ஜாயிண்டின் பேப்பர், ஓரத்தில் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. தொட்டேன். ஈரமா, குளிர்ச்சியா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று இப்போதும் எழுதுகிறேன் பாருங்கள். தெரிந்தது. ஈரம்தான். பாத்திரம் கழுவிய கையோடு வந்து தொட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேப்பரை உருவிவிட்டு வேறொன்றைக் கட்டினேன். சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

"எல்லாம் காஞ்சிருக்கா பாப்பா?"

"எல்லாம் காஞ்சிருக்குதுண்ணா."

புதன்கிழமை தோழிகள் வந்தார்கள். பேப்பர்களை எடுத்தேன், ஏழு காய்ந்திருந்தன. எட்டாவதை நான் பார்க்கவே இல்லை, பார்க்காமல் கசக்கிப் போட்டேன். வயரைக் குத்தி சுவிட்சைப் போட்டேன். உள்ளே நீல வெளிச்சம் வந்தது, குழாய்க்குள் ஒரு குமிழி ஓடியது. "செமையா இருக்குடி" என்றார்கள். இருபது நிமிடம் நான் ராணி. பிறகு 'டப்' என்று சின்னச் சத்தம். திரை அணைந்தது. கருகிய நெடி வந்தது. அந்த ஜாயிண்டின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

தோழிகள் பயந்து கிளம்பிவிட்டார்கள். நான் துப்பட்டாவால் துடைத்தேன். ஜாயிண்டைப் பிடித்துத் திருகினேன், அரைச் சுற்று போனது. இனி யார் பார்த்தாலும் இறுக்கமாகத்தான் இருக்கும். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துக் காய வைத்தேன். பேட்டரித் தண்ணீர், கறைகூட இல்லாமல் காய்ந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மாதேஷண்ணன் ஏதோ கேட்டுக்கு வெல்டிங் ஒட்டு போட்டார். வழக்கம்போல எங்கள் வீட்டு டியூப் லைட் ஒரு நொடி மங்கி எரிந்தது.

அண்ணன் போன் செய்தபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பக்கத்துல வெல்டிங் போட்டாங்கண்ணா. லைட்டு டிம்மாச்சு. அதோட நின்னுடுச்சு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பயத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். கைக்குப் பக்கத்தில் மாதேஷண்ணன் இருந்தார்.

சனிக்கிழமை அண்ணன் பையைக்கூட இறக்கி வைக்காமல் கம்ப்யூட்டரைப் பிரித்தான். ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவிப் பார்த்தான். "தண்ணி எதுனா ஒழுகிச்சா பாப்பா?" என்று ஒரு தடவைதான் கேட்டான். இல்லையென்றேன். நம்பிவிட்டான். கார்டு செத்துவிட்டது. மற்றவை பிழைத்திருந்தன. அவன் எழுந்து பட்டறைக்குப் போனான். நான் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"வெல்டிங் போடறதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லடா?"

மாதேஷண்ணன் மறுத்திருக்கலாம். மறுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். மறுத்தால் சண்டை வரும், சண்டையில் எப்படியாவது உண்மை வெளியே வந்துவிடும் என்றுகூட ஓர் ஆசை இருந்தது. அவர் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இருக்கும் மாப்ள. போன வருசம் எங்கூட்டு டிவியும் இப்டித்தான் போச்சு. எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

"உனக்கு எங்க தோணும்? இரும்பு ஒட்டறவனுக்கு இதோட அரும தெரியுமா?"

அண்ணன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. பேசிவிட்டான். மாதேஷண்ணன் முகமூடியின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் உள்ளே போய் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் ஒரு புது ஸ்டெபிலைசரோடு வந்தார். "அவன் வந்தா குடுங்கம்மா. இத மாட்டிட்டா பயமில்லனு கடையில சொன்னாங்க" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை அட்டையோடு பரண் மேல் போட்டுவிட்டான். குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, பழைய கார்டு ஒன்றை மாட்டி, "நீ ப்ராஜெக்ட்டுக்கு வெச்சுக்க" என்று எனக்கே கொடுத்தான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குவதற்கு முன் மாதேஷண்ணன் சுவரோரம் வந்து நிற்பார்.

"பாப்பா, கம்ப்யூட்டரு ஓடுதா? ரெண்டு ஒட்டு போட்டுக்கவா?"

நான் ஜன்னல் வழியாகச் சொல்வேன், "போட்டுக்கங்கண்ணா."

சில நாள் நான் ப்ராஜெக்ட் வேலையில் இருப்பேன். "அரை மணி நேரம் கழிச்சுண்ணா" என்பேன். அவர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து காத்திருப்பார். இரும்புக் கேட்டு வாங்க வந்தவர்கள் சத்தம் போடுவார்கள். "பாப்பா படிக்குதுங்க" என்பார். அவருக்கு நான் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி முடிந்த பிறகும் சேர்த்து ஒரு வருடம் கொடுத்தேன். என்றாவது ஒரு நாள் அவருக்கு அலுத்துப்போகும், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அடுத்த ஆடி மாதத்தில் பட்டறையை மொரப்பூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, வேலைக்குப் போனேன்.

ஜூஸ் கடைக்குப் போன அடுத்த வாரம் மொரப்பூரில் ஒரு காதுகுத்து. விருந்தை முடித்துவிட்டு, விசாரித்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். இப்போது பெரிய ஷெட், ஆட்கள் வைத்திருக்கிறார். தாடி பாதி நரைத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஈரப் பேப்பர், அரைச் சுற்று, துப்பட்டா எல்லாம். 

 அவர் வாசலைப் பார்த்தார்.

"உங்கண்ணன் அனுப்பிச்சானா பாப்பா?"

"இல்லண்ணா. நானாத்தான் வந்தேன்."

"அப்டியா" என்றார். அவ்வளவுதான். "வுடு, அது ஆயிப்போச்சு" என்று டீ சொன்னார். என் மேல் கோபம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. அது எனக்கு நிம்மதியாக இல்லை.

ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். அதே கதையை அவனிடமும் சொன்னேன்.  

"அப்பவே சொல்லியிருந்தா நாலு அடி வெச்சிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்" என்றான். பிறகு, "அவன் நம்பர் இருந்தா அனுப்பு."

அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன், பேசினாயா என்று.

"பேசினேன்."

"என்னண்ணா சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசினான். மன்னிச்சுக்கடான்னு சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வூட்ல எல்லாரும் சௌக்கியங்களான்னு கேட்டான்." பிறகு சொன்னான், "கடைசி வரைக்கும் என்னைய 'நீங்க'ன்னுதான் கூப்ட்டான், பாப்பா."