ஸ்பிரிங்வேலில் கிடைத்த நான்காவது கருத்து

தென் அரைக்கோளத்தின் ஜூலைக் குளிரில் ஸ்பிரிங்வேல் சந்தைக்கு வந்திருக்கிறேன், மதுரையில் மாட்டிய அதே செருப்போடு. காலுறை விற்கும் யாழ்ப்பாணத்து அன்ரி என் காலைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுகிறார்.

"என்ன விசயமா வந்தனீங்கள், தம்பி?"

"ஸ்காடின்னு ஐரோப்பாவோட வடகோடியில ஒரு பனித் தெய்வம். அவ எங்கிருந்து வந்தான்னு நாளைக்கு இங்க ஒரு கருத்தரங்குல கட்டுரை வாசிக்கணும்."

"எங்க இருந்து வந்தவ?"

விளக்குகிறேன். கலைமான் மேய்க்கும் மக்களின் தெய்வம் என்பது ஒரு கட்சி. ஸ்காண்டிநேவியா என்ற பெயரே பெண்ணாகிவிட்டது என்பது இன்னொன்று. நிழலைக் குறிக்கும் சொல்லில் பிறந்தவள் என்பது மூன்றாவது. அன்ரி கொட்டாவி விடுகிறார். தேவர்களின் பாதங்களை மட்டும் பார்த்து அவள் மாப்பிள்ளை தேர்ந்த கதையைச் சொன்னதும் நிமிர்கிறார்.

"வடிவான காலாப் பாத்து எடுத்தவவோ?"

"ஆமா, அழகான காலாத்தான். ஆனா ரெண்டு பேருக்கும் ஒத்துவரல."

"எப்பிடி வரும்? இருபது வருசமாக் கால் பாக்கிறன். வேலை செய்யிற ஆம்பிளைக்குக் கால் வடிவா இராது. இது தெரியாதவ கட்டாயம் பெரிய இடத்துப் பிள்ளைதான். எழுதுங்கோ."

நான்காவது கருத்தாகக் குறித்துக்கொள்கிறேன். அன்ரி மறுபடி குனிந்து பார்க்கிறார்.

"உங்கட காலும் நல்ல வடிவு, தம்பி."