ஊற்றிய தண்ணீரும் ஊறிய தண்ணீரும்

போன புதன்கிழமை, பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, கருப்புக் கோட்டு இல்லாமல் அருப்புக்கோட்டை கோர்ட்டுக்குப் போனேன்.

வராந்தாவில் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்... டீ வாங்கி, பாதியில் வைத்துவிட்டேன். டவாலி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, கோட்டு வெளுக்கப் போட்டாச்சா?"

"இல்லண்ணே. நான் இன்னைக்கு சாட்சி."

நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியிருப்பேன்! "பயப்படாதீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று எத்தனை பேருக்குப் புத்திமதி சொல்லியிருப்பேன்! அது எவ்வளவு உபயோகமற்ற புத்திமதி என்பது உள்ளங்கை வேர்த்தபோதுதான் தெரிந்தது.

வக்கீலுக்குக் கூண்டில் என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் மானம் போகும், பரவாயில்லை.

சவரியம்மா என்று எனக்கு ஒரு கட்சிக்காரர். பாலவனத்தம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, கணவர் இல்லை, ஸ்டெல்லா என்று ஒரே மகள். நிலத்துக்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடைக்கு மேலே ஒரு சாயப்பட்டறை. பட்டறையில் திங்கட்கிழமை பச்சை முக்கினால் ஓடை பச்சை. வியாழக்கிழமை ஊதா முக்கினால் ஓடை ஊதா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது கிணற்றுக்குள்ளும் இறங்கிவிட்டது. மிளகாய்ச் செடி சுருண்டது. மாடு தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயத்தண்ணியை ஓடையில் விடக் கூடாது என்று தடை கேட்டு வழக்குப் போட்டோம். அது பாட்டுக்கு வாய்தா மேல் வாய்தாவாக நடந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பயிற்சி வந்தது.

கடல் தாண்டிய ஒரு சட்டக் கல்லூரியும் நம் பக்கத்துச் சட்டக் கல்லூரி ஒன்றும் கைகோத்து, ஆசிய நாட்டு வக்கீல்களுக்குச் சுற்றுச்சூழல் சட்டம் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு. மதுரையில் பத்து நாள். நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா என்று பதினான்கு பேர். அதில் நான் ஒருத்தி! ஃபேக்ஸ் வந்த அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு தெருவில் எத்தனை வீட்டுக்குப் போனேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

நல்ல பயிற்சி. குறை சொல்ல மாட்டேன். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு பேராசிரியை, ஓவர்ஹெட் புரொஜக்டரில் தாளை மாற்றி மாற்றி வைத்து அருமையாக விளக்கினார். அழுக்காக்கியவனே கழுவ வேண்டும் என்றார். பாதிக்கப்பட்டவரைவிட நல்ல சாட்சி கிடையாது என்றார். நான் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள், "நேரில் போய்ப் பார்க்க உங்களில் யாருடைய ஊரிலாவது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். என் கை எனக்கு முன்னால் மேலே போய்விட்டது. சவரியம்மாவின் கேஸுக்கு உதவும் என்பது ஒரு காரணம். சத்தியமாக அதுவும் ஒரு காரணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்த சவரியம்மாவிடம் சொன்னேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரங்கெல்லாம் உங்க கெணத்தப் பாக்க வாராங்க."

"எம்புட்டுப் பேரு?"

"பதினஞ்சு பேரு."

"சாப்புடுவாகளா?"

"தண்ணியப் பாக்கத்தான்க்கா வாராங்க."

"வரட்டும், வரட்டும். நல்லாப் பாக்கட்டும்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு வேனில் போய் இறங்கினோம். வாசலில் கோலம். கிணற்றின் சுற்றுச் சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு. பேராசிரியையை ஒரு பக்கம் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி கிடந்தது. அடியில் கிடந்த கல்லை எண்ணலாம்!

சவரியம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னக்கா இது?"

"நாலு நாளா மோட்டார் வச்சு எறைச்சு, சேத்தையெல்லாம் அள்ளிப் போட்டு, விடியக்காலம் ரெண்டு லோடு லாரித் தண்ணி ஊத்திருக்கேன். குடிச்சுப் பாருங்க, எளநி கணக்கா இருக்கும்."

"ஐயோ... அவங்க கெட்ட தண்ணியத்தான்க்கா பாக்க வந்திருக்காங்க!"

"அதுக்காக? வீடு தேடி வாரவுகளுக்குச் சாக்கடையவா காட்டுவாக?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன மாசம் ரெட்டியபட்டியிலருந்து ஸ்டெல்லாவப் பொண்ணு பாக்க வந்தாக. செம்புல தண்ணி குடுத்தேன். மோந்து பாத்துட்டு அப்பிடியே வச்சுட்டாக. அம்புட்டுத்தான், அதுக்கப்பறம் சேதியே இல்ல. இனிமே இந்தக் கெணத்தப் பத்தி வெளியில ஒரு பேச்சு வரக் கூடாது வக்கீலம்மா."

"அப்ப கேஸு எதுக்குக்கா போட்டீங்க?"

"கேஸு கோர்ட்டுல இருக்கு. கோர்ட்டுக்கு வந்தா பொண்ணு பாக்கப் போறாக?"

இதற்கு எந்தப் புரொஜக்டரில் பதில் இருக்கிறது? பாதிக்கப்பட்டவர் நல்ல சாட்சிதான். ஆனால் அந்த நல்ல சாட்சி மூன்று வருஷமாகப் பாடுபட்டு மறைத்துக்கொண்டிருக்கிறார். மறைக்காவிட்டால் மிளகாய்க்கு விலை இல்லை, மகளுக்கு மாப்பிள்ளை இல்லை.

அதற்குள் பேராசிரியை சாம்பிள் எடுக்கும் முறையை ஆரம்பித்துவிட்டார். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்ப வேண்டும். அரக்கு வைக்க வேண்டும். சீட்டு ஒட்ட வேண்டும். எல்லாம் அப்பழுக்கில்லாமல் நடந்தது. நேபாளத்து வக்கீல் மட்டும் தரையில் ஈரமாகக் கிடந்த லாரி டயர்த் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சீட்டில் 'உள்ளூர் சாட்சி' என்று ஓர் இடம் இருந்தது. "நான் பார்த்ததிலேயே இவ்வளவு ஒழுங்காக ஏற்பாடு செய்த ஊர் இதுதான்" என்று சொல்லிப் பேராசிரியை என்னிடம் பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து வழவழ தாளில் ஒரு புத்தகம் தபாலில் வந்தது. பயிற்சி அறிக்கை. கிணற்றடியில் நான் நிற்கும் கலர் போட்டோ! பின்னால் பொடி எழுத்தில் இருந்த பின்னிணைப்பையெல்லாம் யார் படித்தார்கள்? பெருமை தாங்காமல் நானே ஒரு பிரதியை வக்கீல் சங்க நூலகத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

பின்னிணைப்பைப் படித்தவர் ஒருவர் இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல்.

அடுத்த வாய்தாவில் அவர் அந்தப் புத்தகத்தையே ஆவணமாகத் தாக்கல் செய்தார். "சர்வதேச அறிக்கை, யுவர் ஆனர். கிணற்றுத் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பதே வாதியின் வக்கீல்தான்." முன்சீப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்கய்யா."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தடை கிடைக்காவிட்டால் அந்த ஒன்றரை ஏக்கர் அவ்வளவுதான். கெடுத்தது பட்டறைக்காரர் என்று இனிமேல் நான் எந்த வாயால் சொல்வேன்?

பேராசிரியைக்கு நடந்ததை மறைக்காமல் கடிதம் எழுதினேன். திட்டுவார் என்று நினைத்தேன். பதில் நாலு வரிதான். "டயர்த் தடத்தை நானும் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் அதைக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். தவறு எனக்கும் உண்டு. அடுத்த பயிற்சியில் இதைத்தான் முதல் பாடமாக வைக்கப் போகிறேன்."

பாருங்கள் கூத்தை... பதினைந்து பேர் போனோம். அத்தனை பேரும் சட்டம் படித்தவர்கள். விஷயம் தெரிந்தவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் ஆசியாவில் எந்த ஊரிலும் தண்ணீரைப் பார்க்க முடியாது என்று தோன்றுகிறது. கோலத்தைத்தான் பார்க்கலாம்.

ஒரே ஒரு வழி இருந்தது. உண்மையைக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். சாட்சியாகிறவர் அதே வழக்கில் வாதாடக் கூடாது. எனவே வக்காலத்தை நண்பர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். சவரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"நீங்க ஏறுனா நானும் ஏறணுமா வக்கீலம்மா?"

"ஆமாக்கா. லாரித் தண்ணி ஊத்துனத நீங்கதான் சொல்லணும். கெணறு கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

"ஸ்டெல்லாட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நின்றார்.

"'மறைச்சு மட்டும் யாருக்குத் தெரியாமப் போச்சு? பஸ்ஸுல போறவுகளே மூக்கப் பொத்துறாக'ன்னு கேக்குறா வக்கீலம்மா. வாரேன், ஏறுறேன்."

புதன்கிழமை முதலில் சவரியம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அன்னைக்கு உங்க கிணத்துத் தண்ணி தெளிவா இருந்துச்சா, இல்லையா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"தெளிவாத்தான்யா இருந்துச்சு."

அவர் திருப்தியாகத் திரும்பினார்.

"ஆனா அது ஊத்துன தண்ணிய்யா. ஊறுன தண்ணியக் கேளுங்க, நான் சொல்றேன்."

கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. சவரியம்மா விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஊதாத் தண்ணீர், மாடு, செம்பு, பெண் பார்க்க வந்தவர்கள்... "தண்ணி கொண்டாந்த லாரிக்காரரு வெளிய நிக்கிறாரு, அவரையும் கூப்புடுங்க" என்றார். பத்தொன்பது வருஷத்தில் என் கட்சிக்காரர் யாரும் இவ்வளவு நன்றாகச் சாட்சி சொல்லிப் பார்த்ததில்லை. அதுவும் நான் இல்லாமல்!

அப்புறம் நான்.

"இன்டர்நேஷனல் ட்ரெயினிங் எடுத்தவங்க நீங்க" என்று ஆரம்பித்தார் எதிர்த்தரப்பு வக்கீல். "தண்ணி மாத்தி ஊத்தினதுன்னு தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

ஒரு வாரமாக நான் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்து சாம்பிள் எடுத்த முறைக்குத்தானே தவிர தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அல்ல. சட்டப்படி நல்ல பதில். கூண்டில் நின்றபோது அது வாயில் வரவில்லை.

"வெட்கமா இருந்துச்சு" என்றேன். "அவங்க என்னைப் பெரிய ஆளா நெனச்சிட்டிருந்தாங்க. அதக் கெடுத்துக்க மனசு வரல."

முன்சீப் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "சாட்சிக்கு வெட்கமாக இருந்தது என்று அடியுங்கள்" என்றார். டைப்பிஸ்ட் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அடித்தார்.

கோர்ட் கமிஷனர் ஒருவர் போய்க் கிணற்றையும் ஓடையையும் பார்த்து, புதிதாகச் சாம்பிள் எடுத்து வர உத்தரவாகியிருக்கிறது. ஸ்டெல்லாவைப் பார்க்க இன்னும் யாரும் வரவில்லை. வருவார்களா என்று தெரியவில்லை.

அன்று கோர்ட் வாசலில் சவரியம்மாவிடம், "கமிஷனர் வர்ற தேதி வக்கீலுக்குத் தெரியவரும்க்கா. வந்து சொல்லச் சொல்றேன்" என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட்ட மட்டும் சொல்லிராதீக வக்கீலம்மா. சொன்னீகன்னா என் கை சும்மா இருக்காது."