டாட்ஜைப் பாதியில் நிறுத்தி முன்சீட்டைப் பிடித்தோம்

இன்று காலை போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு ஆம்பளையை மூன்று ரவுண்டில் இறக்கிவிட்டேன்.

(சண்டை போனில்தான். ஆனால் அவன் இறங்கியது ஜீப்பிலிருந்து.)

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஊர் சிலமலை. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற சோலி. விடிந்ததும் ஜீப்பில் ஏறினால் மலை மேலே தோட்டத்தில்தான் இறக்கம்.

பின்னால் பொம்பளைகள் பன்னிரண்டு பேர், முட்டியோடு முட்டி இடிக்க.

முன்னால் டிரைவர் செல்வம், செடிக்கு மருந்தடிக்கிற பாண்டி, அப்புறம் பாண்டியின் தொப்பை. (அதற்குத் தனி இடம்!)

எங்களோடு வருகிற ராசாத்தியக்காவுக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது. பின்னால் காலை மடக்கியே வந்தால் தோட்டத்தில் இறங்கும்போது நீட்ட முடிவதில்லை. போன வாரம் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. இன்னும் ஒரு நாள் நின்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

அதனால் இன்று ஏறும்போதே பாண்டியிடம் முன்சீட்டை அக்காவுக்குக் கேட்டேன்.

"அது ஆம்பளைக சீட்டு மதினி. என்னைக்கும் அப்படித்தான."

"எந்தச் சாமி எறங்கி வந்து சீட்டுல எழுதி வச்சிட்டுப் போச்சு?"

பாண்டி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாதி மலையில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. மழை வேறு. முன்னால் இருபது வண்டி. டவர் கிடையாது. பாண்டி போனை எடுத்துச் சண்டை கேமைத் திறந்தான்.

அந்தக் கேம் என்னிடமும் இருக்கிறது. என் மகன் பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போனபோது கேமும் கூடவே வந்தது. அழிக்கத் தெரியவில்லை. ஆடக் கற்றுக்கொண்டேன். (ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு இரண்டில் எது சுலபமோ அதைத்தானே செய்ய முடியும்!)

பாண்டிக்குப் பொழுது போகவில்லை. வாயை விட்டான்.

"மதினி, நீங்களும் இதத்தான நோண்டுறீக? வாங்க, மூணு ரவுண்டு. செயிச்சா சீட்டு ஒங்களுக்கு."

"தோத்தா?"

"தோத்தா இனிமே சீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது."

தானே சாட்சி என்று செல்வம் சொன்னான். ராசாத்தியக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து, வேண்டாம், உள்ளதும் போய்விடும் என்றது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி வேண்டாம் என்பது? ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டு போனையும் சேர்த்தோம்.

முதல் ரவுண்டு, மானம் போனது.

விஷயம் இதுதான். டாட்ஜ் பட்டனைத் தட்டினால் நம் ஆள் பின்னால் ஒரு எட்டு வழுக்கிப் போவான். வழுக்குகிற நேரம் அடி படாது. ஆனால் வழுக்கி நின்றதும் ஒரு மூச்சு நேரத்துக்குக் கை கால் ஓடாது. பாண்டி அதற்குத்தான் காத்திருப்பான். அடிக்கிற மாதிரி கையை ஓங்குவான். நான் பயந்து வழுக்குவேன். நான் போய் நிற்கிற இடத்துக்குத் தாவி வந்து உதைப்பான்.

இரண்டாவது ரவுண்டிலும் அதேதான். வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை டாட்ஜைத் தட்டிய பெருவிரல் தடுமாறி, பக்கத்தில் இருக்கிற தடுப்பு பட்டனிலும் பட்டுவிட்டது.

வழுக்கிப் போன ஆள் பாதியில் நின்றுவிட்டான்!

பாண்டி வழக்கம்போல் பின்னால் தாவினான். உதைக்க அங்கே ஆள் இல்லை. அவன் முதுகு என் முன்னால் இருந்தது. சும்மா விடுவேனா? அந்த ரவுண்டு எனக்கு.

அட, இது என் விரல் தினமும் செய்கிற சோலியாயிற்றே என்று அப்போதுதான் உறைத்தது.

ஏலச்செடியில் காய் தரையோடு சரம் சரமாகக் கிடக்கும். விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சு ஒன்று கூடையில் விழுந்தாலும் கங்காணி வாயிலிருந்து வண்டி வண்டியாக வரும். எடையும் சேர வேண்டும், அதனால் கண்ணுக்கு முன்னாலேயே கை போய்விடும். தொடப்போகிற நேரத்தில் பிஞ்சு என்று தெரிந்தால் விரல் பாதியில் திரும்பி அடுத்த காய்க்குப் போகும். முன்கூட்டித் திரும்பினால் நல்ல காயை விட்டுவிடுவோம். பிந்தினால் பிஞ்சு கையோடு வந்துவிடும். இருபது வருஷம் இதே பிழைப்பு. பாண்டி மருந்தடிக்கிறவன். டியூபைத் திறந்தால் எல்லாச் செடிக்கும் ஒரே அடி. பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவனுக்கு எப்படி வரும்?

மூன்றாவது ரவுண்டு. பின்னால் பன்னிரண்டு பொம்பளைகளிடமும் சத்தமே இல்லை. (இதுவே ஒரு சாதனை.)

இரண்டு பேருக்கும் இன்னும் ஒரு அடிக்குத்தான் உயிர் மிச்சம். பாண்டி கையை ஓங்கினான். தட்டினேன். ஆள் வழுக்கத் தொடங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. பிஞ்சு! விரல் தடுப்பு பட்டனுக்குத் திரும்பிவிட்டது. பாண்டி என் தலைக்கு மேலே தாவிப் போய் வெறும் காற்றை உதைத்தான்.

ஒரே குத்து.

"போனு ஹேங் ஆயிருச்சு மதினி, இது செல்லாது" என்றான் பாண்டி.

"நான் பாத்தேன்ணே. எறங்குங்க" என்றான் செல்வம்.

ராசாத்தியக்காவோ ஆம்பளை பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றது. "செல்வம் பக்கத்துல யாரு ஒன்னய உக்காரச் சொன்னா, கியரு பக்கத்துல உக்காருக்கா" என்று ஏற்றிவிட்டேன். பாண்டி பின்னால் வந்தான். மிச்சம் பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு விரக்கடை நகர்ந்து அந்தத் தொப்பைக்கு இடம் கொடுத்தோம்.

மரத்தை வெட்டி ஒதுக்கியதும் ஜீப்பு கிளம்பியது. அக்கா காலை நீட்டிக்கொண்டது. அப்புறம் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னது.

"ஏத்தா, பின்னால இருந்து போன ரோட்டத்தான் பாத்திருக்கேன். வர்ற ரோடு இப்பத்தான் தெரியுது."

தோட்டத்தில் தானாகவே இறங்கியது. தானாகவே கூடையை எடுத்துக் கட்டிக்கொண்டது. கங்காணி பார்த்தார், நோட்டில் அக்கா பேரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் பொம்பளைக்குப் போனில் சண்டை கேம் கேட்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

கேட்கிறது.

நாளைக்கும் ராசாத்தியக்கா முன்சீட்டில்தான் உட்காரும். ஆட்சேபணை உள்ள ஆம்பளைகள் போனுக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஜீப்புக்கு வரவும்.