மூடிய சுரூபங்களைப் பார்க்கப் போன நாள்

பெயின்ற் அடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று நேற்று மேசை, அலுமாரி, சாமித்தட்டு எல்லாவற்றையும் பழைய படுக்கைவிரிப்புகளால் மூடி வைத்தேன். பெயின்ற் மணம் பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாதோ, இரண்டு நாள் அம்மா வீட்டில் போய் நிற்கலாமோ, நின்றால் மாமி என்ன நினைப்பாரோ என்று வழக்கம்போல யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஒவ்வொரு விரிப்பாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, இதுக்குள்ள ஆர் நிக்கினம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை நானும் மனதுக்குள் கேட்டிருக்கிறேன், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்துக்குள் நின்று.

அப்போது வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வகுப்பு. சித்திரம் படித்தவர்கள் ஒரு வான் வண்டிக்குள் அடங்கக்கூடிய அளவுதான். எங்கள் உப அதிபருக்கு அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டு எங்களை மனைப்பொருளியலுக்கு அனுப்ப விருப்பம். நெற்றி நிறையத் திருநீறோடு சைவசமயம் படிப்பித்த பெரிய மிஸ் அவர். “கீறுறதை வீட்டிலயும் இருந்து கீறலாம்தானே” என்பார். புதிதாக வந்திருந்த சித்திர மிஸ் அவரிடம் மன்றாடி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். பழைய தேவாலயங்களுக்குப் போய் எல்லோரும் சிலைகளை வரைந்து வருவது. படங்கள் மண்டபத்தில் மாட்டக்கூடியதாக இருந்தால் பாடம் தொடரும். இல்லாவிட்டால் மிஸ்ஸும் வேறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டியதுதான்.

தவணைப் பரீட்சை முடிந்த கடைசி வாரத்தில் மிஸ் நாள் வைத்தார். ராகுகாலம், மரணயோகம் எல்லாம் பார்த்து, பஞ்சாங்கத்தில் ஒரு குறையும் இல்லாத நாள். அது ஈஸ்டருக்கு முந்தின வாரம் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லியிருக்கவும் கூடும். அந்தப் பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் தேவாலயத்துக் கதவைத் தள்ளியதும் மெழுகுதிரி மணம். பழக்கதோஷத்தில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பீடங்களில் சுரூபங்கள் இல்லை. ஊதாத் துணி சுற்றிய மூட்டைகள் நின்றன. பெரிய மூட்டை, சின்ன மூட்டை, கை நீட்டிய மூட்டை. எங்கேயோ திருத்த வேலை நடக்கிறது என்றுதான் மிஸ் முதலில் நினைத்தார்.

“பெரிய வாரமாச்சே மிஸ்” என்றார் சாவி வைத்திருந்தவர். “சனிக்கிழம ராவைக்குத்தான் தொறப்பாங்க.”

“ஒண்டை மட்டும் கொஞ்ச நேரம் திறக்கேலாதோ?”

“ஏலாது மிஸ்.”

“காலை மட்டும்?”

“காலத் தொறந்தா ஆளத் தொறந்த மாதிரித்தானே.”

மிஸ் மெல்லத் திரும்பி, எங்களில் ஒரே கத்தோலிக்கப் பிள்ளையான ஜெசிந்தாவைப் பார்த்தார். “உமக்கு இது தெரியாதோ?”

“தெரியும் மிஸ்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னா ட்ரிப் நிண்டிருக்கும் மிஸ்.”

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் ஜெசிந்தாவை நன்றியோடு பார்த்தோம்.

பிழைக்கு ஈடாக ஜெசிந்தா ஒரு யோசனை சொன்னாள்: ஒல்லாந்தர் கட்டின கோயிலில் எதையும் மூட மாட்டார்கள். உண்மைதான். அங்கே மூடுவதற்குச் சிலையே கிடையாது. வெறும் வெள்ளைச் சுவரும் கல்லறைக் கற்களும்தான். முற்றத்தில் ஒரு நீளக் கல்லில் அமர்ந்து முட்டை சான்ட்விச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அதில் ஒருவருடைய பெயர் இருப்பதைக் கண்டேன். அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அது போதுமா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

மூன்றாவதாகப் போனது துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் தேவாலயம். அங்கேயும் ஊதாதான். சுவரில் உயரத்தில் இருந்த படங்களை மூடவில்லை. ஆனால் உப அதிபருக்கு வாக்குக் கொடுத்தது சிலைகளை. மிஸ் வாங்குப் பலகையில் அமர்ந்து மூக்கை உறிஞ்சினார். நாங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர், “துணியைக் கீறுங்கோ” என்றார்.

கீறினோம். பவித்ரா தன் மூட்டைக்கு உள்ளே இருப்பவரை ஊகித்து மீசை வைத்தாள், மிஸ் அழிப்பித்தார். எனக்கு ஊகிக்கப் பயம். கண்ட மடிப்பு, கண்ட புடைப்பு, துணியைப் பிடித்திருந்த ஊசி எல்லாவற்றையும் பரீட்சைபோல வரைந்து வைத்தேன். மேலே சுற்றிய காற்றாடியை மட்டும் ஒருவரும் கீறவில்லை.

அடுத்த நாள் உப அதிபரின் மேசையில் ஊதா மூட்டைகள் அடுக்கப்பட்டன. மிஸ் விளக்கம் சொல்லத் தொடங்கினார். உப அதிபர் அதைக் கேட்கவில்லை. என் படத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

“கையில பிள்ளை இருக்கு. அந்தோனியார்” என்றார். அடுத்ததை எடுத்தார். “இவ மாதா. வலப்பக்கக் கதவடியில, அந்தக் காற்றாடிக்குக் கீழ நிக்கிறவ.” மூன்றாவது படத்தைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தார். “சூசையப்பர். தடியை ஏன் இவ்வளவு கட்டையாக் கீறி வைச்சிருக்கிறீர்?”

ஜெசிந்தாதான் உப அதிபரிடம் கேட்டாள்: “மிஸ்ஸுக்கு எப்பிடித் தெரியும்?”

“பொது அறிவு” என்றார். பிறகு சித்திர மிஸ்ஸைப் பார்க்காமலே, “மண்டபத்தில மாட்டுங்கோ. அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார்.

வெளியே வந்ததும் ஜெசிந்தா என் காதுக்குள் சொன்னாள்: “அந்தக் காற்றாடி போன மாசம்தான் பூட்டினவை.”

செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் துறைமுகத்தடி அந்தோனியாரிடம் போகும் சைவக்காரர் கொழும்பில் எத்தனையோ பேர். ஆனால் நாயன்மார் கதை சொல்லும் எங்கள் உப அதிபரும் போவார் என்று நாங்கள் நினைத்ததேயில்லை. என்ன நேர்த்திக்கடனோ, யாருக்காகவோ. ஒருவரும் கேட்கவில்லை, வெளியிலும் சொல்லவில்லை. சித்திரப் பாடம் தொடர்ந்தது.

அந்த யுத்த நாட்களில் சோதனை எல்லாம் தெருவில்தான். அடையாள அட்டை எடு, கைப்பையைத் திற, எங்கே போகிறாய் என்று சந்திக்குச் சந்தி கேட்டார்கள். தேவாலய வாசலில் மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது தெருவில் யாரும் மறிப்பதில்லை. தேவாலயங்களுக்குள் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு வாசலில் சோதனை மேசை போட்டுவிட்டார்கள். போன செவ்வாய் மகளின் இழுப்புக்காக ஒரு நேர்த்தி வைத்துக்கொண்டு போனேன். காவலுக்கு நின்ற பெண் மரியாதையாகத்தான் பையைத் திறக்கச் சொன்னாள். மெழுகுதிரி, மருந்துப் போத்தல், பிள்ளையின் உள்சட்டை எல்லாம் மேசைக்கு வந்தன. பின்னால் வரிசையில் நின்ற எங்கள் மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன சுகமில்லையோ?” என்று கேட்டார்.

நல்ல மனுசிதான். ஆனாலும், யாருக்கும் தெரியாத ஒரு கவலையோடு உள்ளே போய், யாருக்கும் தெரியாமலே வெளியே வந்து, வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிவிடும் சுகம் உப அதிபரின் காலத்தோடு முடிந்துவிட்டது.