அப்பகுதி மக்களைத் தேடிப் பொழிச்சலூருக்கு

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். பல்லாவரத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஏழு கிலோமீட்டர் தூரத்தைப் போய்ப் பயணம் என்று எழுதினால் கோவளத்தில் என் அம்மாவே சிரிப்பாள். சிரிக்கட்டும். என் இரண்டு வருடப் படிப்பு அந்த ஏழு கிலோமீட்டருக்கு அப்பால்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

நான் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. புறநகர்ப் பிரச்சினைகளை நாளிதழ்கள் எப்படி எழுதுகின்றன என்பது என் ஆய்வு. பொழிச்சலூரில் ஒரு தெருவில் கழிவுநீர் தேங்குவதைப் பற்றி வெவ்வேறு நாளிதழ்களில் வந்த இருபத்திரண்டு செய்திகளைக் கத்தரித்து ஒட்டி, ஒவ்வொன்றிலும் பேசியிருப்பது யார் என்று அட்டவணை போட்டிருந்தேன். இருபத்திரண்டிலும் அதே வரி: ‘இதுகுறித்து அப்பகுதி மக்கள் கூறியதாவது’. மக்களின் குரல் பரவலாகப் பதிவாகியிருக்கிறது என்று நான்காம் அத்தியாயத்தைப் பெருமையாக முடித்தேன். பேராசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘யார் இந்த மக்கள்? போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும்.

ஒன்பதரைக்குப் பல்லாவரம். ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ, பம்மல் வழியாகப் பொழிச்சலூருக்கு இருபது ரூபாய். அம்மன் கோயில் தெருவில் இறக்கிவிடச் சொன்னேன்.

“எந்த அம்மன் கோயில் தெரு? அங்க மூணு கீது” என்றார் டிரைவர்.

“சாக்கடைத் தண்ணி நிக்குமே, அந்தத் தெரு அண்ணா.”

“அப்போ மூணுந்தான்.”

பேப்பரில் அடிக்கடி வருகிற தெரு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. “ஆங், அதுவா? பேப்பர்ல வந்தா ரெண்டு நாளு லாரி வந்து உறிஞ்சிகினு போவும். அப்பால பழையபடி அதே பேஜார்தான்” என்றார்.

பத்து மணிக்குத் தெருமுனையில் இறங்கினேன். தண்ணீர் கறுப்பாக, கணுக்கால் அளவுக்கு நின்றது. நாற்றத்தைப் பற்றி இருபத்திரண்டு செய்திகளிலும் ‘துர்நாற்றம்’ என்று ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அது போதாது. மூன்றாவது வீட்டு கேட்டிலிருந்து ரோடு வரை ஏழெட்டுச் செங்கல்லை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதன்மேல் கையில் பால் பாக்கெட்டோடு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். அந்த வீட்டின் சொந்தக்காரர்.

“சார், இந்தத் தெருவிலதான் கழிவுநீர் தேங்குதா?” என்று கேட்டேன்.

“யார் சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்லிக்கொண்டே அடுத்த செங்கல்லுக்குத் தாவினார்.

பையிலிருந்து செய்தி வெட்டுகளை எடுத்துக் காட்டினேன். மனிதருக்குக் கோபம் சுரீரென்று வந்துவிட்டது.

“போட்டுப் போட்டே தெருப் பேரை நாறடிச்சுட்டாங்க. வீட்டை விக்கலாம்னு பார்க்கிறேன். வர்றவன் தெருப் பேரை போன்ல தட்டிப் பார்த்துட்டு அப்படியே ஓடிப்போயிடறான். எவன் பேப்பருக்குக் குடுக்கிறான்னு மட்டும் தெரியட்டும், அன்னைக்கே தெருவை விட்டுத் துரத்திடுவேன்.”

என் புத்தியை எதால் அடிப்பது? “நானும் அவங்களைத்தான் சார் தேடி வந்திருக்கேன்” என்றேன் சந்தோஷமாக. அதோடு விட்டேனா? ஒரு செய்தியோடு வந்திருந்த தெருப் படத்தைக் காட்டி, “இந்தப் படம் மேலேயிருந்து எடுத்தது சார். எந்த வீட்டு மாடின்னு தெரிஞ்சா ஆளைக் கண்டுபிடிச்சிடலாம்” என்று துப்பு வேறு கொடுத்தேன். காகிதத்தில் படம் சின்னது. இணையப் பதிப்பில் வந்த முழுப் படம் என் போனில் இருந்தது.

“கண்ணாடி உள்ளே இருக்கு. படத்தை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்மா, பெருசு பண்ணிப் பார்க்கிறேன்” என்று நம்பர் சொன்னார். பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்க ஒரு விமானம் தலைக்கு மேலே தாழப் போனதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அனுப்பினேன். போன் உள்ளே சார்ஜில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு உள்ளே போனார்.

தெருமுனைக்குத் திரும்பி நடந்தேன். பின்னாலேயே ஒரு பெண் வேகமாக வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் காலியான காய்கறிப் பை.

“நீ காலேஜ் பொண்ணா? அவர்கிட்ட என்ன காட்டின?” என்று கேட்டாள்.

அவள் பெயர் ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நான் பேசிவிட்டு வந்தவரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். நான் படத்தைக் காட்டியதும் அதன் ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே சிவப்பு பெயிண்ட் டப்பாவில் ஒரு ரோஜாச் செடி.

“இது என் பால்கனி. நான்தான் எடுத்தேன்.”

“அப்போ செய்தி?”

“அதுவும் நான்தான். எழுதி, நிருபர்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன். அவங்க புள்ளி மாத்தாம போட்டுடுவாங்க. முதல்ல ‘நான்’னு எழுதி அனுப்பினேன், ஒருத்தரும் போடலை. ‘அப்பகுதி மக்கள்’னு மாத்தினேன், மறுநாளே வந்துடுச்சு.”

இருபத்திரண்டு செய்தி, ஒரே ஆள். என் அத்தியாயம் கண்ணெதிரே சரிந்தது. “அக்கா, இது பொய்யில்லையா?” என்று கேட்டேன்.

“தண்ணி பொய்யா? தெருவே எங்கிட்ட வந்து புலம்புது. ஒரு கையெழுத்துப் போடுங்கன்னா கதவைச் சாத்திக்கிறாங்க. நான் என்ன பண்ண?” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் பொண்ணு பிளஸ் டூ. அடுத்த மாசம் எக்ஸாம். இப்போ வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்கே போவேன்? அந்தப் படத்தை அவருக்கு அனுப்பிட்டியா?”

போனைப் பார்த்தேன். படத்தின் கீழே இரண்டு டிக், சாம்பல் நிறத்தில். இன்னும் நீலமாகவில்லை. அவசரத்தில் முதலில் வேறு எதையோ அழுத்தினேன். அப்புறம் ‘எல்லோருக்கும் அழி’ என்பதை அழுத்தினேன். படம் போய்விட்டது. அதற்குள் அவர் பார்த்தாரா, இல்லையா? இருவருக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா மாடியைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனாள். காய்கறி வாங்கவில்லை.

திரும்பும்போது அரசுப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பல்லாவரத்தில் பதினொன்று இருபதுக்கு ரயில் கிடைத்தது. அட்டவணையில் ‘பேசியவர்’ என்ற இடத்தில் பென்சிலால் ‘ஒருவர்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியா என்று தெரியவில்லை. எங்கள் கோவளத்தைப் பற்றியும் ‘மீனவர்கள் கூறியதாவது’ என்று எப்போதாவது வரும். அப்பா படித்துவிட்டு, “கரெக்டாத்தான் சொல்லிக்கீறாங்க” என்பார். அவரும் மீனவர்தான். அவரை ஒரு நிருபரும் ஒருநாளும் கேட்டதில்லை.

குரோம்பேட்டை தாண்டும்போது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“என்னம்மா, நான் கண்ணாடி போட்டுக்கிறதுக்குள்ள டெலிட் பண்ணிட்டே?”

அப்படியானால் அவர் பார்க்கவில்லை. “தப்பான படம் சார், அதான்” என்றேன்.

“யார் குடுக்கிறாங்கன்னு விசாரிச்சியா?”

“விசாரிச்சேன் சார். அப்பகுதி மக்கள்தான்.”

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: “உனக்கு நிருபருங்க யாரையாவது தெரியுமாம்மா? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வீடு பார்க்க ஒரு பார்ட்டி வருது. அதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு தடவை வந்துட்டா லாரி வந்துட்டுப் போயிடும். ரெண்டு நாள் தெரு காய்ஞ்சு கிடக்கும். தெருப் பேரு வேணாம், பொழிச்சலூர்னு மட்டும் போட்டாப் போதும்.”

“யார் சொன்னதா போடச் சொல்றது சார்?”

“என் பேரு வேணாம்மா. தெரு மக்கள் சொன்னாங்கன்னு போட்டுக்கச் சொல்லு.”

சானடோரியம் வரும்வரை ரப்பரைத் தேடினேன். கிடைக்கவில்லை. ‘ஒருவர்’ என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘இருவர்’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு ‘அப்பகுதி மக்கள்’ என்று பேனாவாலேயே எழுதினேன். திங்கட்கிழமை பேராசிரியர் அதே இடத்தில் மறுபடியும் சிவப்பு வட்டம் போட்டு, யார் என்று கேட்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சார். சொல்ல மாட்டேன்.