சுண்டலுக்கு முன் ஒரு பாட்டு

நான்கு வயது மகளுக்குப் பிடித்த பாடகி மேல் தாய்க்குப் பொறாமை வரலாமா? எனக்கு இன்றும் பதில் தெரியவில்லை.

அவர் பிரேசிலில் இருக்கிறார். மேடையில் இடுப்புவரை கூந்தலும் மினுங்கும் இமைகளுமாகப் பெண் வேடம். ஒப்பனையைக் கலைத்தால் ஆண். பெங்களூரில் வேலை பார்க்கும் என் நாத்தனார் ஒருநாள் அவருடைய பாட்டு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டு ஓடினால்தான் மகள் சோற்றுக்கு வாய் திறக்கிறாள்.

மதியம் அவள் தூங்கும்போது அவருடைய பேட்டிகளைப் பார்ப்பேன். முதலில் பிறருடைய பாடல்களைப் பாடி இணையத்தில் போட்டாராம். பிறகு சொந்தப் பாட்டு, திருவிழா மேடைகள், வெளிநாடுகள். கேலி செய்தவர்கள் எதிரிலேயே இன்னும் உயரமான செருப்பை மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். நான் சாதாரணச் சேலையில்கூட மேடை ஏறியதில்லை. கல்லூரிவரை சங்கீதம் படித்தேன், கல்யாணத்தோடு நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் குறை சொல்லவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

இந்த நவராத்திரிக்குக் கீழ்வீட்டு அக்கா கொலுவுக்கு அழைத்தார். அங்கே பாடினால்தான் சுண்டல். மகள் பொம்மைப் படிகள் முன்னால் நின்று, இடுப்பில் கைவைத்து, அந்தப் பிரேசில் பாட்டை ஆடிக்கொண்டே பாடினாள்.

"சூப்பர் கண்ணம்மா!" என்று அக்கா கைதட்டினார். "இப்ப உங்கம்மா பாடட்டும்."

"அம்மாக்குப் பாட வராது ஆன்ட்டி."

"அய்யோ, பெத்தவள இப்பிடி விட்டுக்குடுத்துட்டியே கண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தொண்டை சரியில்லக்கா" என்று சொல்லிச் சுண்டலை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சோறூட்டும்போது போனை அணைத்துவிட்டுப் பாடினேன். மகள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ கண்ணுக்கு மினுமினு போடலியே."

"போட்டா கேப்பியா?"

"போடு, பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் கொலு. அங்கேயும் பாடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த கீர்த்தனையைப் பாடினால் மகள் போனைத் தேடுவாளோ என்று பயம். அந்தப் பிரேசில் பாட்டும் மதியங்களில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அதைப் பாடினால் கூட வரும் மாமியார் என்ன நினைப்பாரோ? போனை ஒளித்து வைப்பதா, கண்ணுக்கு மினுமினு போட்டுக்கொண்டு எழுந்து நிற்பதா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதைப் பாடுவீர்கள்?